காதக்காவும் ஈரத் தீக்குச்சிகளும்

இசைத்தட்டை மேசை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிறார் காதக்கா. பாட்டுப் பதிந்த வரிகளில் அவருக்கு இப்போது அக்கறை இல்லை. பாட்டு முடிந்த பிறகு, நடுவில் ஒட்டிய வட்டக் காகிதம் தொடங்குவதற்கு முன், ஒரு விரலகலத்துக்கு வழவழப்பான வெற்றிடம் இருக்கும். கண் அங்கேதான். தட்டுக்கு அச்சு வெட்டுகிறவர் அந்த இடத்தில் ஊசியால் ஓர் எண்ணைக் கீறி வைப்பார். சிலர் எண்ணோடு நிறுத்த மாட்டார்கள். ஒரு திட்டு, ஒரு பெண்ணின் பெயர், 'இன்றைக்கும் மழை' என்று ஒரு செய்தி. "உறையில என்ன வேணாலும் அச்சடிப்பாங்க சார். இங்க கீறறவன் பொய் சொல்ல மாட்டான். யாரும் பாக்க மாட்டாங்கன்னு நெனச்சு எழுதறான் பாருங்க" என்கிறார், கண்ணை எடுக்காமலே.

அவர் மருத்துவமனையில் காது சோதிக்கிறவர். இருபத்தெட்டு வருடங்களாக அதே கண்ணாடி அறை, அதே கருவி. உள்ளே நோயாளி ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க, வெளியிலிருந்து இவர் ஒவ்வொரு சத்தமாக அனுப்புவார். கேட்டால் கை தூக்க வேண்டும். அடுத்த பிரிவில் கண் சோதிக்கிற அம்மாளைக் கண்ணக்கா என்றும் இவரைக் காதக்கா என்றும் யாரோ விளையாட்டாகக் கூப்பிடப்போய், இன்று பெரிய டாக்டர் வாயிலும் அதே பெயர். சத்தம் கேட்காமலே கை தூக்குகிறவர்களை அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். "பரீட்சைன்னு நெனச்சுக்கறாங்க. எப்படியாவது பாஸ் பண்ணிடணும்னு பாக்கறாங்க, பாவம்."

நான் அவருக்குக் கீழ் வீடு. குடிவந்த மாதமே சண்டைக்குப் போனேன். தலைக்கு மேல் எந்நேரமும் பெட்டி இழுக்கிற சத்தம், எழுத உட்கார முடியவில்லை என்று சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தலையைச் சாய்த்து, "எந்த மாதிரிச் சத்தம்? கீச்சுனு வருதா, கரகரன்னு வருதா?" என்று கேட்டார். கரகர என்றேன். "அப்ப அது மூணாவது பெட்டி. கனம் ஜாஸ்தி அதுக்கு" என்று உள்ளே போய், அதைக் கவிழ்த்து அடியைத் தடவிப் பார்த்தார். மறுநாள் எல்லாப் பெட்டிகளுக்கும் கம்பளித் துண்டு ஒட்டியாகிவிட்டது. சண்டை போடப் போனவன் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு சன்னல், ஒரு மேசை, சுவரோரம் பதினோரு மரப்பெட்டிகள், அவற்றில் நிமிர்த்து வைத்த தட்டுகள். மேசை மேல் சுத்தமான தண்ணீர் ஒரு குப்பி, ஓவியர்கள் வைத்திருக்கும் மயிர்த்தூரிகை ஒன்று, பழைய வேட்டியைக் கிழித்த மெல்லிய துணிகள். இவ்வளவு கூச்சல் நிறைந்த பாட்டுகள் அடைந்து கிடக்கும் அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். ஸ்பீக்கர் இரண்டும் துணி போர்த்தித் தூங்கும். அவர் கேட்பதெல்லாம் ஹெட்ஃபோனில்தான், அதுவும் மெல்ல வைத்து. "நாளெல்லாம் கெட்டுப்போன காதைப் பாக்கறேன். நானே கெடுத்துக்கவா?"

அவர் தேடுவது பங்க் ராக் என்கிற கத்தல் பாட்டு. அதிலும் யாரும் பெயர் கேள்விப்படாதது. மூன்று நான்கு பேர் சேர்ந்து, கடன் வாங்கிய கிட்டாரும் பொத்தல் விழுந்த டிரம்முமாக, யாருடைய நிலவறையிலோ ஒரு மத்தியானத்தில் பாடிப் பதிந்திருப்பார்கள். இருநூறோ முன்னூறோ தட்டு போட்டிருப்பார்கள். பாதி விற்றிருக்காது. பிறகு ஒருவர் வேலைக்குப் போயிருப்பார், ஒருவர் கல்யாணம் செய்துகொண்டு போயிருப்பார், தட்டுகள் கட்டிலுக்கடியில் போயிருக்கும். "பெரிய கம்பெனி போட்டதுக்குக் காவல் காக்க ஆள் இருக்கு. இதுங்க அப்பன் ஆத்தா இல்லாத பிள்ளைங்க" என்பார் காதக்கா. வீடு காலி செய்கிறவர்கள், பழைய பொருள் கடைக்காரர்கள், மூடப்போகும் பள்ளிக்கூடங்கள், எல்லா இடத்திலும் அவருடைய தொலைபேசி எண் இருக்கிறது.

கணவர் சன்னலுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிறவர். மனைவியின் இசையைப் பற்றி அவருக்கு ஒரு திடமான அபிப்பிராயம் உண்டு. "தகரக் கூரையில ஆலங்கட்டி மழை பெய்யுது சார். கீழ ஒருத்தனுக்குப் பல்லுவலி. அவ்வளவுதான் பாட்டு." ஆனாலும் தட்டு வாங்க அசலூருக்குப் போக வேண்டுமென்றால் வண்டியை எடுப்பது அவர்தான். கண்ணாடிக்கு வைக்கிற தடித்த அட்டைகளுக்கு நடுவில் தட்டைச் செருகி, பள்ளம் பார்த்து ஓட்டி வருவார்.

தட்டு கிடைத்ததும் வேலை முடிந்தது என்று நான் நினைத்திருந்தேன். அங்கேதான் தொடங்குகிறது. பாடியவர்களைத் தேடிப் பிடித்து, "நீங்க பாடினதை நான் கேட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருடைய ஆசை. இப்படி முப்பத்தேழு பேரைப் பிடித்திருக்கிறார். ஒரு பேருந்துப் பரிசோதகர், பயணிகள் பார்க்கப் பார்க்க, முழுப் பாட்டையும் தொலைபேசியில் பாடினாராம். ஒரு பல் மருத்துவர் "ராங் நம்பர்" என்று வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்துத் தானே கூப்பிட்டு, "எந்தப் பாட்டு?" என்று மட்டும் கேட்டாராம். "எதுக்கக்கா இந்தப் பாடு?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "கத்தினவங்களுக்குத் தெரிய வேணாமா சார், ஒருத்தர் காதுலயாவது விழுந்துச்சுன்னு?"

இன்னொன்றையும் எனக்குச் சொல்லியிருக்கிறார், கணவருக்குத் தெரியாது. போன வருடம் ஓய்வாக இருந்த ஒரு பகலில், நோயாளியின் நாற்காலியில் தானே உட்கார்ந்து, கண்ணக்காவைப் பொத்தான் அழுத்தச் சொல்லித் தன் காதைச் சோதித்திருக்கிறார். வரைபடத்தில் கீச்சுச் சத்தங்களுக்கான கோடு, மாடிப்படி போல வலப்பக்கம் இறங்குகிறது. வயதுக்கு வருகிறதுதான். ஆனால் ஒவ்வொரு படிக்கும் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். "முதல்ல ஜால்ரா மாதிரி அந்தத் தகட்டுச் சத்தம் போகும். அப்புறம் 'ஸ', 'ஷ' எல்லாம் போகும். டிரம் கடைசி வரைக்கும் இருக்கும். அது நிம்மதி." சொல்லிவிட்டு வரைபடத்தை நான்காக மடித்து, பதினோராவது பெட்டிக்குள் செருகினார்.

அந்த வருடம்தான் ஈரத் தீக்குச்சிகளின் தட்டு கிடைத்தது.

ஒரு வீட்டைக் காலி செய்தபோது வந்த அட்டைப்பெட்டி. குழந்தைக் கதைத் தட்டுகள், பிறமொழி கற்றுக்கொடுக்கும் பாடத் தட்டுகள். அப்படியொரு பாடத் தட்டின் உறைக்குள் கைவிட்டால், உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வேறொரு தட்டு. வெள்ளைக் காகிதத்தில் ரப்பர் முத்திரையால் 'ஈரத் தீக்குச்சிகள்' என்று குத்தியிருந்தது. வேறு விவரம் இல்லை. பக்கத்துக்கு ஒரு பாட்டு, இரண்டும் சேர்ந்து நான்கு நிமிடம். கிட்டாரும் டிரம்மும் மட்டும். ஒரு பெண் பாடுகிறாள். 'கதவைத் திறந்தே வை, நான் வரப்போவதில்லை' என்று அவள் கத்தும்போது தொண்டை உடைகிறது. உடைந்த தொண்டையோடேயே அடுத்த வரிக்குப் போகிறாள். காதக்கா அன்று சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை என்று கணவர் சொன்னார்.

விளக்குக்கடியில் சாய்த்துப் பார்த்தபோது முதல் பக்கத்தில் கீறியிருந்தது: அக்கா கத்துகிறாள். திருப்பினால்: தம்பி அடிக்கிறான்.

"பாருங்க, அக்காவும் தம்பியும்! வீட்டுச் சண்டையைத் தட்டுல போட்டிருக்காங்க!" அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் ஒரு தப்புச் செய்தார். மறைந்துபோன தட்டுகளை மறுபடி அச்சிட்டு வெளியிடுகிற ஒருவர் இருந்தார். காதக்காவுக்குப் பத்து வருடப் பழக்கம். அவரைக் கூப்பிட்டு, தொலைபேசியிலேயே ஒரு பக்கத்தைப் போட்டுக் காட்டி, பிரதியும் எடுத்து அனுப்பிவிட்டார். மறுபதிப்புக்காரர் துள்ளிவிட்டார். "ஆளைக் கண்டுபிடிங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

தட்டில் கீறிய கையெழுத்து யாருடையது என்று காதக்காவுக்குத் தெரியும். அச்சு வெட்டிய முதியவர் மகள் வீட்டில் இருந்தார். இரண்டு கண்ணிலும் புரை. தட்டின் நடுவை நகத்தால் தடவிவிட்டுச் சிரித்தார். "ரெண்டும் வாசப்படியில நின்னு அடிச்சுக்கிச்சுங்கம்மா. அவன் வேகமா அடிக்கறான்ங்கறா இவ. நீ மெதுவா கத்தறேங்கறான் அவன். அவங்கப்பா கடைத்தெருவுல திரைச்சீலை வித்தாரு." கடைத்தெருவில் அந்தத் திரைச்சீலைக் கடை இன்னும் இருந்தது.

கடைக்குள் போனதைக் காதக்கா என்னிடம் விவரித்தது அவருக்கே உரிய மாதிரி. "உள்ள கை தட்டினா சத்தம் திரும்பி வராது சார். தளத்துலேர்ந்து தரை வரைக்கும் துணி. எல்லாச் சத்தத்தையும் முழுங்கிடுது. நல்லாப் பேசறவங்க குரல்கூட அங்க செத்துப்போவுது." கல்லாவுக்குப் பின்னால் அறுபது வயதுப் பெண்மணி, கழுத்தில் அளவு நாடா. சன்னலின் நீள அகலம் கேட்டார். காதக்கா பையிலிருந்து தட்டை எடுத்துத் துணிக்கட்டின் மேல் வைத்தார்.

அந்த அம்மாள் தட்டைத் தொடவில்லை. வாசலைப் பார்த்தார், கடையில் வேறு யாருமில்லை.

"இது எப்படி மிச்சம் இருக்கு? நான் ஒண்ணு விடாம பழைய பிளாஸ்டிக் வாங்கறவன்கிட்டப் போட்டேனே."

"எல்லாத்தையுமா?"

"முன்னூறு போட்டோம். வெளிய குடுத்தது பத்து பதினஞ்சு இருக்கும். மீதி எல்லாம். என் கையாலயே உடைச்சுப் போட்டேன். அவனுக்குக் காது போனப்புறம் எதுக்கு அது?"

தட்டு வந்து இரண்டாவது மாதம் தம்பிக்கு மூளைக்காய்ச்சல். இருபத்திரண்டு வயது. பன்னிரண்டு நாள் கழித்துக் கண் விழித்தபோது, அக்காவின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு காதும் முழுதாகப் போய்விட்டன. அந்த வாரமே அக்கா கிட்டாரை யாருக்கோ கொடுத்தார். வீட்டிலிருந்த ரேடியோவை அப்புறப்படுத்தினார். தம்பி அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான், கல்யாணம் வேண்டாமென்றான், அக்காவும் செய்துகொள்ளவில்லை. முப்பத்தைந்து வருடமாக இருவரும் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறார்கள்.

"அவன் இருக்கற வீட்ல நான் ஒரு பாட்டை முணுமுணுத்ததுகூட இல்லம்மா. அவனுக்கு இல்லாதது எனக்கும் வேணாம். நீங்க நல்லவங்களாத்தான் இருக்கீங்க. ஆனா இதை யாருக்கும் போட்டுக் காட்டாதீங்க. அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க."

"சரிம்மா" என்றார் காதக்கா. "இது உங்க பொருள், நீங்களே வெச்சுக்குங்க."

"வேணாம். எடுத்துட்டுப் போங்க."

மனம் மாறினால் கூப்பிடட்டும் என்று, மருத்துவமனை முகவரி அச்சிட்ட தன் அட்டையை மட்டும் துணிக்கட்டின் மேல் வைத்துவிட்டு வந்தார்.

வெளியிட வேண்டாம் என்றதை மறுபதிப்புக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கெட்டவர் அல்ல, அதுதான் சங்கடம். "அக்கா, யோசிச்சுப் பாருங்க. இப்படி ஒரு குரல் இருந்துச்சுன்னு ஊருக்குத் தெரிய வேணாமா? அவங்க காலத்துக்கப்புறம் யாருக்குமே தெரியாமப் போயிடுமே. பேரைப் போடாம வெளியிடுவோம்." காதக்கா தொலைபேசியை வைத்துவிட்டு, மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் கடைக்கே போனார். பிரதியை அழிக்கும்வரை எழுந்திருக்கப் போவதில்லை என்று முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். காலையில் உட்கார்ந்தவர், சாயங்காலம் அந்த மனிதர் தன் கண்ணெதிரே கணினியில் அதை அழித்த பிறகுதான் எழுந்தார். "பத்து வருஷப் பழக்கத்துக்கு இதுதான் மரியாதையா?" என்று கேட்டாராம் அவர். அதன் பிறகு பேச்சு நின்றுவிட்டது. பழைய தட்டுக்காரர்கள் கூடுகிற ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் காதக்காவைக் கண்டால் சிலர் வேறு பெட்டிப் பக்கம் நகர்ந்தார்கள். புதையல் மேல் உட்கார்ந்த பூதம் என்று ஒருவர் காதுபடவே சொன்னாராம். "என் வாய்தான் எனக்குச் சத்துரு" என்றார் என்னிடம். "கண்டுபிடிச்ச அன்னைக்கே வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்."

தட்டைப் பாட உறைக்குள்ளேயே திரும்ப வைத்துவிட்டார். அதன் பிறகு எடுத்துக் கேட்கவும் இல்லை. எனக்குக்கூடக் கொஞ்சம் எரிச்சல்தான். நானும் கேட்டதில்லையே.

நான்கு மாதம் கழித்து, மருத்துவமனையில் காது பிரிவின் வரிசையில் ஒரு மனிதர் வந்து நின்றார். பெயர் பதியவில்லை, சீட்டு வாங்கவில்லை. கையில் ஓர் அட்டை, ஓரம் நைந்தது. காதக்காவுக்கு அது தன் அட்டை என்று தெரிந்தது. அந்த மனிதர் அறை முழுவதும் திரும்பிப் பார்க்கிற குரலில், தன் குரலின் அளவு தனக்குத் தெரியாதவர்களின் குரலில், கேட்டார்:

"எங்கக்கா கைப்பையில இருந்துச்சு. எங்கக்காவுக்குக் காது போகுதா?"

காதக்கா அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்து, தாளில் 'இல்லை' என்று எழுதிக் காட்டினார்.

"நெசமாவா? எனக்காக மறைக்காதீங்க. மூணு நாளா நான் தூங்கல. அவளுக்கும் போச்சுன்னா வீட்ல யாருக்குக் கேக்கும்?"

'சத்தியமாக இல்லை.'

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெரிய கைகள், அட்டையின் ஓரம் கீறிக் கீறிக் காய்த்த விரல்கள். கொஞ்சம் ஆசுவாசமானதும் தன் வேலையைப் பற்றிக்கூட ஒரு பேச்சு வந்தது. "மெஷின் சத்தத்துக்கு எல்லாரும் காதை அடைச்சுக்கறாங்க. அந்தக் கட்டடத்துலயே நிம்மதியா வேலை பாக்கறவன் நான் ஒருத்தன்தான்." சிரித்தார். பிறகு சிரிப்பு நின்று, "அப்ப இது எதுக்கு அவகிட்ட?" என்று கேட்டார்.

காதக்கா பென்சிலைத் தாளில் வைத்தார். வெளியே வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். பொய் சொன்னால் அவர் நம்பிவிடுவார், எழுந்து போய்விடுவார். உண்மையைச் சொன்னால், கொடுத்த வாக்கு போய்விடும். "இருபத்தெட்டு வருஷத்துல அந்த நாற்காலியில உக்காந்தவங்ககிட்ட நான் ஒரு பொய் சொன்னதில்ல சார்" என்றார் என்னிடம். கடைசியில் எழுதினார்: 'அதை நான் சொல்லக் கூடாது. உங்கள் அக்காவிடம் கேளுங்கள்.'

அவர் அதை இரண்டு தடவை படித்தார். தாளைக் கிழித்து வாங்கி, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றுக்கு, மாடிப்படியில் இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டே ஏறிப் போகிற சத்தம் கேட்டு நான் கதவைத் திறந்தேன். ஒரு குரல் மட்டும்தான் கேட்டது. திரைச்சீலைக் கடை அம்மாள் வாயை மட்டும் அசைத்தார். தம்பி அதைப் பார்த்துவிட்டுக் கட்டடமே கேட்கப் பதில் சொன்னார்.

"என்னைக் கேட்டியா? முன்னூறையும் உடைச்சியே, அடிச்சவன் நானாச்சே, என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

அக்கா ஏதோ சொன்னார்.

"எனக்கு வலிக்கும்னா? நீ சமையக்கட்டுல ஏதோ ஞாபகத்துல வாயைத் திறந்துட்டு, என்னைப் பாத்ததும் டக்குனு மூடிக்குவியே, அது வலிக்காதா? முப்பத்தஞ்சு வருஷமா பாக்கறேன். காதுதானே போச்சு, கண்ணா போச்சு?"

அந்த அம்மாள் முதல் நாளே கூப்பிட்டு வழி கேட்டிருந்ததால், மேல் வீட்டு வாசலில் காதக்காவும் கணவரும் காத்து நின்றிருந்தார்கள். அந்த அம்மாள் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். யாரும் அருகில் போகவில்லை. தம்பி இரண்டு படி கீழே இறங்கி வந்து, அவருக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி உட்கார்ந்தார். இப்போது அவரால் முடிந்த மட்டும் மெல்ல, "எனக்குக் கேக்காது. அதுக்காக யாருக்குமே கேக்கக் கூடாதா அக்கா?" என்றார்.

காதக்கா அன்று தட்டைக் காட்டினார். போட்டுக் காட்டவில்லை. தம்பி அதை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அச்சு வெட்டியவர் கீறியதைப் படித்துவிட்டு அக்காவின் தோளில் ஒரு குத்து விட்டார்.

தட்டை மறுபடி போட வேண்டும் என்றார் தம்பி, அக்கா தடுக்கவில்லை. காதக்கா மறுபதிப்புக்காரரிடம் போக வேண்டியதாயிற்று. "மூக்கறுந்து போய் நின்னேன் சார், அவர் வாசல்ல" என்றார். அவர் உட்காரச் சொல்லவில்லையாம். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, பேனாவைத் திறந்து, "எத்தனை தட்டு?" என்று மட்டும் கேட்டாராம். முன்னூறு என்று தம்பி முன்பே சொல்லியிருந்தார். ஒன்று கூடக் கூடாது, ஒன்று குறையக் கூடாது. தம்பியின் பெயர் முழுதாக, தகப்பனார் பெயரோடு வர வேண்டும். அந்த அம்மாள் பெயர் வேண்டாமென்றார். பாடியது யார் என்ற இடத்தில் 'அக்கா' என்று மட்டும் போட்டார்கள்.

தட்டுகள் போன மாதம் வந்தன. மத்தியானம். காதக்கா என்னையும் மேலே கூப்பிட்டார். மேசையிலிருந்த கண்ணாடிப் பலகைகளைக் கணவர் சுவரோரம் நகர்த்தியிருந்தார். ஸ்பீக்கர்களின் மேலிருந்த துணியை எடுத்தாகிவிட்டது. தம்பி மேசைக்கு இந்தப் பக்கம், சலவைச் சட்டையோடு. அந்த அம்மாள் உள்ளே வரவில்லை. கையில் குடையோடு வாசற்படியிலேயே நின்றார். "நான் இங்கயே நிக்கறேன்" என்றார். போகவும் இல்லை.

காதக்கா இரண்டு பென்சில்களை எடுத்துக்கொண்டு தம்பிக்கு நேரெதிரே உட்கார்ந்தார். ஊசியை வைத்தார்.

முதன்முறையாக நான் அந்தப் பாட்டைக் கேட்டேன். தகரக் கூரையும் ஆலங்கட்டியும்தான். ஆனால் அந்தக் குரல் சன்னல் கண்ணாடியை நடுங்க வைத்தது. வாசலில் நின்றவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கையாலும் நிலையைப் பிடித்துக்கொண்டார். காதக்கா பென்சில்களால் மேசையில் அடிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு அடியும் தட்டில் விழுகிற அதே நேரத்தில் மேசையிலும் விழுந்தது. தம்பி அவர் கைகளையே பார்த்தார். கொஞ்ச நேரத்தில் தலை அசையத் தொடங்கியது. பிறகு உதடு. தான் இருபத்திரண்டு வயதில் அடித்ததைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் பக்கம் பாதியில் ஓரிடத்தில் காதக்காவின் கை சட்டென்று நின்று, பிறகு தொடர்ந்தது. தம்பி நிமிர்ந்தார்.

"அங்கதான்! அங்க குச்சி கைநழுவி விழுந்துருச்சு. ஒரு அடி விட்டுப்போச்சு. இன்னொரு தடவை எடுக்கலாம்னேன், காசில்லன்னுட்டா இவ." எழுந்து வந்து, ஒரு விரலால் மேசையில் தட்டிக் காட்டினார். "இந்த இடத்துல ஒண்ணு விழணும். நீங்க சேத்து அடிங்கம்மா."

காதக்கா ஊசியைத் தூக்கிப் பின்னால் வைத்தார். பாட்டு மறுபடி அந்த இடத்தை நோக்கி வந்தது. மேசையில் பென்சில்கள் ஓடின. தம்பியின் விரல் தயாராக மேலே நின்றது. அந்த இடம் வந்ததும் காதக்கா அவர் முகத்தைப் பார்த்து, அது தட்டில் இல்லை என்று மெல்லத் தலையசைத்து, இரண்டு பென்சில்களையும் அந்த ஒரு அடிக்காக அந்தரத்தில் நிறுத்திப் பிடித்தார்.